பல்சக்கரம் மாறினால் பயணமே மாறும்: அய்யனார் கோவில் சாலை முதல் ரேஸ் டிராக் வரை!

ராஜபாளையத்தில் இருந்து மேற்கே திரும்பி சுமார் 10 கி.மீ. போனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள், வனத்துறை சோதனைச் சாவடி என்று காட்சிகள் மாறிக்கொண்டே வரும். கடைசியில் ஆற்றின் சலசலப்பு கேட்கும். 'நீர் காத்த அய்யனார்' என்று பக்தர்கள் அழைப்பதற்குப் பொருத்தமான இடம்தான். மழைக்காலத்தில் மலையில் இருந்து திடீரென வெள்ளம் இறங்கும். மறுகரையில் மாட்டிக்கொண்ட பக்தர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்ட செய்திகளும் வந்ததுண்டு.

அய்யனார் என்றாலே குதிரைதான் நினைவுக்கு வரும். இந்தச் சாலையிலும் குதிரைகளுக்குக் குறைவில்லை. ஆனால், எல்லாம் பானெட்டுக்குள் அடைபட்ட குதிரைகள்! தேங்காய் ஏற்றிய 'குட்டி யானை' மேட்டில் திணறும்போது டிரைவர் என்ன செய்கிறார்? எஞ்சினைப் பெரிதாக்க அவரால் முடியாது. கியரைக் குறைக்கிறார். உறுமல் கூடுகிறது, வேகம் குறைகிறது, ஆனால் வண்டி ஏறிவிடுகிறது. அதே எஞ்சின், அதே குதிரைத்திறன். மாறியது பல்சக்கரத்தின் விகிதம் மட்டுமே.

இந்த ஒரு உண்மையில்தான் ரேஸ் டிராக்கில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கிறது. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே காருடன் இறங்கி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு கார் பந்தயம் பற்றிய பேச்சு தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 'பழைய கார் ஒன்றை வாங்கி டிராக்கில் ஓட்டப் போகிறேன்' என்று மகனோ மகளோ சொன்னால், அந்த வீட்டின் சேமிப்பு எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கான பதிலைத் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலேயே பாடங்கள் கிடைக்கின்றன.

முதல் பாடம்: நூற்பாலையின் பினியன்

பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டே இது நூல் நூற்கும் ஊர். இங்கே கியர் விகிதம் என்ற விஷயம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அறிவு.

ஸ்பின்னிங் மெஷினில் இன்றைக்கு 40-ம் நம்பர் நூல், நாளைக்கு 60-ம் நம்பர் நூல் வேண்டும் என்றால், அதற்காக மோட்டாரை மாற்ற மாட்டார்கள். பழைய மாடல் மெஷின்களில் ஃபிட்டர் வந்து 'சேஞ்ச் பினியன்' எனப்படும் பல்சக்கரத்தைக் கழற்றி, வேறு பல் எண்ணிக்கை கொண்ட சக்கரத்தை மாட்டுவார். முன் ரோலருக்கும் பின் ரோலருக்கும் உள்ள வேக வித்தியாசம் மாறும். பஞ்சு இன்னும் மெல்லிசாக இழுபடும்.

முறுக்கு விஷயமும் அப்படியே. முறுக்கைக் கூட்டினால் ஒரு அளவு வரை நூலுக்குப் பலம் கூடும், ஆனால் உற்பத்தி குறையும். முறுக்கைக் குறைத்தால் உற்பத்தி ஏறும், நூல் பலவீனமாகும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

காரிலும் இதே பேரம்தான். இழுவை வேண்டுமா, உச்ச வேகம் வேண்டுமா? இரண்டையும் ஒரே பல்சக்கரம் முழுசாகத் தராது.

இரண்டாம் பாடம்: ரத வீதியின் திருப்பம்

ராஜபாளையத்துக்கு அடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் திருவிழாவில் ஆண்டாளின் பெரிய தேர் ரத வீதிகளில் அசைந்து வருவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். நேர் வீதியில் வடம் பிடித்து இழுத்துவிடலாம். தேரின் சவால் மூலைத் திருப்பத்தில்தான் தொடங்குகிறது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டு, ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை உருள விட்டுத் தேரைத் திருப்ப வேண்டும். திருப்பத்தின் உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் உருளும். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும்.

காரிலும் அதேதான். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒரு முழு 'யு டர்ன்' அடித்து முடிக்கும்போது, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு சிறியதோ பெரியதோ, அரைவட்டம் என்றால் இந்த வித்தியாசம் மாறாது.

தேரை மனிதர்கள் இழுக்கிறார்கள். சக்கரங்கள் தம் போக்கில் உருளலாம். காரில் எஞ்சின்தான் சக்கரங்களைச் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிக் கட்டினால், வளைவில் ஏதோ ஒரு டயர் தேய்ந்து வழுக்கியே ஆக வேண்டும். இதற்கான தீர்வுதான் டிஃபரன்ஷியல். பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் 1827-லேயே வாகனத்துக்கான டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் கொடுத்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் இது அனுமதிக்கிறது.

மூன்றாம் பாடம்: சேற்றில் சிக்கிய டிராக்டர்

டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இந்த வட்டாரத்தில் நெல் வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து வழுக்கினால், அது மட்டும் வேகமாகச் சுற்றும். உறுதியான மண்ணில் நிற்கும் மறு சக்கரம் அசையாது. வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைவான விசையைத் தாங்குகிறதோ, அதே அளவு விசைதான் மறு சக்கரத்துக்கும் போகும். அப்போது டிரைவர் 'டிஃப் லாக்'கை மிதிப்பார். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகக் கட்டப்படும். டிராக்டர் வெளியே வரும்.

ரேஸ் டிராக்கில் சேறு இல்லை. ஆனால், வேகமாகத் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்சக்கரம் லேசாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுழன்று புகை கக்கும். காசு கொட்டி ஏற்றிய பவர் எல்லாம் அந்தப் புகையோடு போய்விடும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்கு இதே தலைவலி வந்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே, இசட்.எஃப் நிறுவனத்திடம் சொல்லி வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்ய வைத்தார். அதைத்தான் இன்று 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்', சுருக்கமாக எல்.எஸ்.டி என்கிறார்கள்.

மூன்று டிராக், மூன்று கணக்கு

இந்தப் பாடங்களோடு வடக்கே பயணித்தால், தமிழ்நாட்டின் கார் பந்தய வரலாறே கியர் விகிதங்களின் வரலாறாகத் தெரிகிறது.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் பக்கத்தில் இருக்கிறது சோழவரம். அங்கே இருந்த இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான் பல ஆண்டுகள் பந்தய மைதானம். 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஓடுதளம் என்றால் நீண்ட நேர்ப்பாதை. உச்ச வேகம்தான் அங்கே பேசும். அந்தக் காலத்து அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாமே பின்சக்கர இழுவை கொண்டவை. டிஃபரன்ஷியல் பின் ஆக்ஸிலில் தனியாக இருக்கும். கியர் பாக்ஸைத் தொடாமலே 'கிரவுன் பினியனை' மட்டும் மாற்றலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கர இழுவை பெருவாரியான மக்களின் வீடுகளுக்கு வந்தது. இந்த வகைக் கார்களில் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். விகிதத்தை மாற்ற வேண்டும் என்றால் மொத்தத்தையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் இந்த மாற்றத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஊரெங்கும் கிடைக்கும் மாருதி எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி, 1988-ல் 'ஃபார்முலா மாருதி'யைக் கொண்டுவந்தார். அதுவரை வசதியானவர்களின் பொழுதுபோக்காக இருந்த விளையாட்டில், சாதாரண உதிரிப் பாகங்களோடு இளைஞர்கள் நுழைய வழி பிறந்தது. அந்த வழியில் வந்தவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கி.மீ. வேகமான வளைவுகளும் நேர்ப்பகுதிகளும் கலந்த இடம். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது கரி மோட்டார் ஸ்பீடுவே. நீளம் சுமார் 2.1 கி.மீ. மட்டுமே. வளைவுகள் அடுத்தடுத்து வரும். உச்ச வேகத்தைத் தொடுவதற்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆக, இருங்காட்டுக்கோட்டைக்குப் பொருந்தும் கியர் செட்டிபாளையத்தில் சோம்பலாக இருக்கும். செட்டிபாளையத்தில் பறக்கும் கியர் இருங்காட்டுக்கோட்டையின் நேர்ப்பாதையில் மூச்சு முட்டி நிற்கும்.

பேப்பரும் பேனாவும் போதும்

இதை அனுமானத்தில் செய்ய வேண்டியதில்லை. வீட்டு மேஜையிலேயே கணக்குப் போடலாம்.

ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் உச்ச வரம்பு 7,000 ஆர்.பி.எம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர். நான்காவது கியர் 1-க்கு 1. டிஃபரன்ஷியல் விகிதம், அதாவது கிரவுன் பினியன் விகிதம், 4.1. எஞ்சின் சுற்றை இந்த இரண்டு விகிதங்களாலும் வகுத்து, டயர் சுற்றளவால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் கார் ஓடும் தூரம் மீட்டரில் கிடைக்கும். அதை 60-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று தெரிந்துவிடும்.

* டிஃபரன்ஷியல் 3.6 என்றால், நான்காவது கியரில் சுமார் 222 கி.மீ. வேகம்.
* 4.1 என்றால் சுமார் 195 கி.மீ.
* 4.6 என்றால் சுமார் 174 கி.மீ.

4.1-ல் இருந்து 4.6-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 12 சதவிகிதம் கூடும். பிக்கப் கிடைக்கும். ஆனால், நான்காவது கியரின் உச்ச வேகம் 21 கி.மீ. குறையும். டிராக்கின் நீளமான நேர்ப்பகுதியில் உங்கள் கார் 165 கி.மீ. வேகம்தான் தொடுகிறது என்றால் 4.6 லாபம். 190 தொடும் என்றால், 4.6 போட்ட கார் 174-லேயே ஐந்தாவது கியருக்கு மாற வேண்டும். அங்கே இழுவை விழும். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் வண்டி ஒரு கணம் இழுவை இல்லாமல் மிதக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விதி எளிமையானது. நீளமான நேர்ப்பகுதி முடியும் இடத்தில், நீங்கள் பயன்படுத்தும் கடைசி கியரில் எஞ்சின் தன் உச்ச வரம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வரவேண்டும்.

அடுத்தது, கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி. இரண்டாவது கியர் 2.0, மூன்றாவது 1.4 என்றால், 7,000-ல் கியரை மாற்றும்போது எஞ்சின் சுற்று 4,900-க்கு விழும். மூன்றாவது 1.6 என்றால் 5,600-க்குத்தான் விழும். 5,200-க்கு மேல்தான் அந்த எஞ்சின் நன்றாக இழுக்கும் என்றால், முதல் வகையில் ஒவ்வொரு முறையும் கார் தூங்கி எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வகையைத்தான் 'க்ளோஸ் ரேஷியோ' கியர் பாக்ஸ் என்கிறார்கள். ஊருக்குள் ஓட்டும் காருக்கு அகலமான இடைவெளி வசதி. டிராக்கில் நெருக்கமான இடைவெளிதான் பலம்.

ஃபார்முலா ஒன்னிலும் இது பெரிய விஷயம். முன்பெல்லாம் அணிகள் பந்தயத்துக்குப் பந்தயம் கியர் விகிதங்களை மாற்றிக்கொண்டன. 2014-ல் எட்டு கியர்கள் வந்தபோது, விகிதங்களை முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆண்டு முழுக்க அதையே வைத்து ஓட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். எல்லா டிராக்குக்கும் ஓரளவு ஒத்துப்போகும் ஒரே கணக்கைத் தேடுவது அங்கேயும் கட்டாயமாகிவிட்டது.

டயரும் ஒரு பல்சக்கரமே

பலரும் மறந்துவிடும் விஷயம் இது. 1.9 மீட்டர் சுற்றளவு டயரை எடுத்துவிட்டு 1.8 மீட்டர் டயர் போட்டால், 4.1 பினியனை சுமார் 4.33 ஆக்கியதற்குச் சமம். கியர் பாக்ஸைத் திறக்காமலே பிக்கப் கூடும், உச்ச வேகம் குறையும். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் தப்பாகும். முதலில் டயரை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே பினியன் விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை செலவு.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்த சூட்சுமம் ஏற்கெனவே பழக்கம்தான். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் ஸ்பிராக்கெட் என்றால் விகிதம் 3. பின்னால் 45 பல் போட்டால் விகிதம் சுமார் 3.2. மேட்டில் இழுக்கும், ஹைவேயில் அலறும்.

எந்த டிஃபரன்ஷியல்?

டிராக் கார்களுக்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு.

* சாதாரண 'ஓப்பன்' டிஃபரன்ஷியல்: பவர் குறைவான, புதிதாகப் பழகுபவரின் காருக்கு இதுவே போதும். ஆக்சிலரேட்டரைப் பதமாக மிதிக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் இது.
* ஹெலிகல் வகை எல்.எஸ்.டி: பல்சக்கரங்களின் உராய்விலேயே வேலை செய்யும். மென்மையானது, பராமரிப்பு குறைவு. சாலையிலும் டிராக்கிலும் ஓடும் காருக்கு ஏற்றது. ஆனால், ஒரு சக்கரம் முழுசாகத் தரையை விட்டுத் தூக்கினால் இது பெரிதாக உதவாது.
* கிளட்ச் பிளேட் வகை எல்.எஸ்.டி: எவ்வளவு இறுக வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். சக்கரம் தூக்கினாலும் வேலை செய்யும். ஆனால் பிளேட் தேயும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் அதிக இறுக்கமாக வைத்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.
* வெல்டிங் வைத்து ஒட்டுவது: மலிவு என்பதால் சிலருக்கு ஆசை வரும். டிராக்டரின் டிஃப் லாக் நிரந்தரமாக மாட்டிக்கொண்டது போல இருக்கும். வளைவில் கார் திரும்ப மறுக்கும், டயர் தேயும், ஆக்ஸில் முறியவும் வாய்ப்பு உண்டு. சாலையில் ஓட்டும் காரில் இதைச் செய்யவே கூடாது.

சேமிப்பு எங்கே போக வேண்டும்?

கையில் ஒரு தொகை இருந்தால் முதல் ஆசை எஞ்சின் மீதே போகும். ஆனால் வரிசை வேறு. முதலில் பிரேக், டயர், சீட் பெல்ட், ஹெல்மெட். அடுத்து பயிற்சி. அதன் பிறகு, ஒரு டிராக்கில் சில முறை ஓட்டி, நேர்ப்பகுதியின் முடிவில் எந்த கியரில் எத்தனை ஆர்.பி.எம். வருகிறது, மிக மெதுவான வளைவில் எஞ்சின் எங்கே விழுகிறது, எந்த வளைவில் உள்சக்கரம் சுழல்கிறது என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த மூன்று எண்களும் இல்லாமல் பினியன் வாங்குவது, பாதத்தை அளக்காமல் செருப்பு வாங்குவது போல.

இன்னொரு கேள்வியும் உண்டு: கார் டிராக்குக்கு எப்படிப் போகிறது? ராஜபாளையத்தில் இருந்து இருங்காட்டுக்கோட்டை 500 கி.மீ.க்கு மேல். டாப் கியர் 0.8 உள்ள காரில், 4.1 பினியனோடு 100 கி.மீ. வேகத்தில் போனால் எஞ்சின் சுமார் 2,900 ஆர்.பி.எம்.மில் ஓடும். 4.6 போட்டால் சுமார் 3,200. பயணம் முழுக்கக் கூடுதல் சத்தம், கூடுதல் பெட்ரோல். லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் காருக்கு இந்தக் கவலை இல்லை. ஓட்டிக்கொண்டே போகிறவர் நடுத்தரமான விகிதத்தோடு நிற்பதே நல்லது.

இந்தச் சாலையில் வேண்டாம்

கியர் மாற்றிய காரின் பிக்கப் எவ்வளவு என்று பார்க்க, ஆளில்லாத அடிவாரச் சாலைகள் ஆசை காட்டும். அது தப்பு. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் விளிம்பில் இருக்கிறது அய்யனார் கோவில். யானைகள் நடமாடும் மலையடிவாரம். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-லேயே சரணாலயம் அமைந்த காடு. தோப்பு வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களும், கோவிலுக்குக் குழந்தைகளோடு வருகிறவர்களும் நடக்கும் வழி.

சட்டமும் கண்டிப்பானது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஒரு வருடம் வரை சிறை. பதிவுச் சான்றில் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை பிரிவு 52 தடுக்கிறது. டிராக்குக்காக மாற்றும் காரை டிராக்குக்கு மட்டுமே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வீட்டில் ஒருவருக்கு வேகத்தின் மீது ஆசை வந்தால், அதைத் திட்டி அடக்குவதைவிட செட்டிபாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ பந்தய நாளில் குடும்பத்தோடு ஒருமுறை கூட்டிப் போகலாம். அங்கே ஆம்புலன்ஸ் நிற்கிறது, கொடி பிடிக்கும் மார்ஷல்கள் நிற்கிறார்கள், எதிரே வண்டி வராது. வளைவில் இருந்து வெளியேறும் கார்களின் சத்தத்தைக் கூர்ந்து கேட்டால், எந்தக் காரின் கியர் கணக்கு சரி, எது தப்பு என்று காதுக்கே தெரிந்துவிடும். சரியான கியரில் இருக்கும் கார் திணறாது, கதறாது. ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும்.